அபின் வியாபாரத்தை நிறுத்த எது நல்ல வழி: இருவர் ஒப்பந்தமா, பதின்மூன்று நாட்டுக் கூட்டமா?

முதலில் ஒரு கணக்கு. 1901 முதல் 1905 வரை இந்தியாவிலிருந்து வெளியே போன அபின் சராசரியாக ஆண்டுக்கு 67,000 பெட்டி. அதில் 51,000 பெட்டி சீனாவுக்கு. ஒரு பெட்டி அறுபது கிலோவுக்கும் மேல். இதை விற்றது ஏதோ கடத்தல் கும்பல் இல்லை, அரசாங்கமே விற்றது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலை, கல்கத்தாவில் மாதாமாதம் அரசு ஏலம், மால்வா பக்கத்துச் சமஸ்தானங்களில் விளைந்த சரக்கு பம்பாய் வழியாகக் கப்பலேறும்போது பெட்டிக்கு இவ்வளவு என்று வரி. வாங்குகிற சீனாவுக்கோ வேண்டாம் என்று சொல்லும் உரிமை கிடையாது, 1858இல் எழுதி வாங்கிய சுங்க ஒப்பந்தத்தோடு அது போயிற்று.

இப்படிப்பட்ட ஒரு வியாபாரத்தை நிறுத்த நினைத்தவர்கள் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன, அவற்றில் எது தேறியது, எது காகிதத்தோடு நின்றது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. வழக்கமாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் 1909 ஷாங்காய், 1912 ஹேக் என்று இரண்டு கூட்டங்களைச் சொல்லி, சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாடு அங்கேதான் பிறந்தது என்று முடித்துவிடுவார்கள். பிறந்தது சரிதான். ஆனால் இந்திய அபின் சீனாவுக்குப் போவதை நிறுத்தியது அந்த இரண்டு கூட்டமும் இல்லை. அதற்கு முன்பே லண்டனும் பீகிங்கும் தங்களுக்குள் பேசி முடித்த ஓர் ஏற்பாடு அது. நான் அந்த ஏற்பாட்டின் கட்சி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதில் ஓட்டையும் உண்டு, அது பின்னால் வரும்.

பறித்து அழிப்பது என்ற வழியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் சீனா முதலில் செய்து பார்த்தது அதைத்தான். 1839இல் சீன மன்னர் அனுப்பிய ஆணையர் லின் ஸெஷு கான்டன் துறைமுகத்துக்கு வந்து, வெளிநாட்டு வியாபாரிகளை அவர்கள் இருப்பிடத்திலேயே முடக்கிப் போட்டு, 20,000க்கும் மேற்பட்ட பெட்டிகளை ஒப்படைக்க வைத்து, ஹூமனில் குழி வெட்டி உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். கரைத்து முடிக்கவே மூன்று வாரம் ஆயிற்று. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்து வந்தது போர். 1842 நான்கிங் உடன்படிக்கையில் ஹாங்காங் போனது, 2 கோடியே 10 லட்சம் டாலர் தண்டம் விழுந்தது, அதில் 60 லட்சம் கரைத்த அபினுக்கே விலை! வேடிக்கை என்னவென்றால், அந்த உடன்படிக்கையில் அபினுக்கு நஷ்டஈடு உண்டே தவிர, இனிமேல் அபின் விற்கலாமா கூடாதா என்று ஒரு வரி கிடையாது. அந்த மௌனத்துக்குள் பதினாறு வருடம் வியாபாரம் ஓடியது. இரண்டாவது போரின் நடுவில்தான், 1858இல், பெட்டிக்கு 30 டேல் (டேல் என்பது சீன எடை அளவு) வெள்ளி சுங்கம் என்று எழுதி அதை ஊரறிந்த சரக்காக்கினார்கள்.

அடுத்த வழி வரி. 1876இல் சீன அமைச்சர் லி ஹொங்ஜாங்கும் பிரிட்டிஷ் தூதர் தாமஸ் வேடும் சீஃபூ என்ற சீனத் துறைமுகத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள், அதன் அபின் பகுதியை பிரிட்டன் ஒன்பது ஆண்டு இழுத்தடித்து 1885இல்தான் ஏற்றது. சுங்கம் 30, உள்நாட்டு வரி 80, ஆக 110 டேல். வரியை ஏற்றினால் வரவு குறையும் என்று நீங்கள் நினைக்கலாம். வெளிச்சரக்கின் வரவு கொஞ்சம் தளர்ந்தது உண்மை, ஆனால் அந்த இடத்தை உள்நாட்டுச் சரக்கு பிடித்துக்கொண்டது. சிச்சுவான், யுன்னான் பக்கமெல்லாம் வயல் வயலாக அபின் தரும் கசகசாச் செடி. 1906இல் சீனாவுக்குள்ளேயே விளைந்தது 5,84,800 பிகுல் என்று பிறகு ஷாங்காயில் கணக்குக் கொடுத்தார்கள், ஒரு பிகுல் அறுபது கிலோ என்று வைத்தால் முப்பத்தைந்தாயிரம் டன். இந்தியாவிலிருந்து வந்தது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லா வழியும் இதில்தான் வந்து முட்டும். அதோடு, வரி வாங்கிப் பழகிய கருவூலம் அந்த வருமானத்தைச் சுலபமாக விடாது, அது எந்த நாட்டுக் கருவூலமானாலும்.

விற்கிறவன் மனசாட்சியைத் தட்டிப் பார்ப்பது என்று ஒரு வழியும் இருந்தது. இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முன்னின்று 1874இல் அபின் வியாபாரத்தை ஒழிக்க ஒரு சங்கம் தொடங்கி, இருபது வருடம் பாராளுமன்றத்தைக் குடைந்தெடுத்து, 1893இல் ஒரு ராயல் கமிஷனை வாங்கினார்கள். பிரபு பிராசி தலைமை. 1895இல் வந்த அறிக்கை, இந்தியாவில் அபின் பெரிதாகக் கெடுதல் செய்யவில்லை, ஐரோப்பாவில் மது எப்படியோ அப்படித்தான் என்றது. ஹென்றி வில்சன் என்ற ஒரே ஓர் உறுப்பினர் மட்டும் மாறுபட்டு எழுதினார். கடைக்காரனையே கடையைச் சோதனை போடச் சொன்னால் வேறென்ன வரும்?

சரி, விற்கிறவனை விடுங்கள், நம் ஊரில் புகைப்பவனை நாமே ஒழுங்குபடுத்துவோம் என்று கிளம்பியவர்கள் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. ஏனென்றால் இதே மாதிரி ஓர் ஒப்பீட்டை அப்போதே சம்பளம் கொடுத்துச் செய்ய வைத்தார்கள். 1898இல் பிலிப்பைன்ஸ் அமெரிக்கர் கைக்கு வந்தது. ஸ்பானியர் காலத்தில் அங்கே அபின் விற்கும் உரிமை குத்தகை. அதையே திரும்பவும் கொண்டுவரலாம் என்று 1903இல் மணிலாவில் பேச்சு எழுந்ததும், அமெரிக்க மிஷனரிகள் வாஷிங்டனில் போய்க் கூச்சல் போட்டார்கள். உடனே மூன்று பேர் குழு: மேஜர் கார்ட்டர், மணிலா மருத்துவர் ஹோசே ஆல்பர்ட், பிஷப் சார்ல்ஸ் பிரெண்ட். ஜப்பான், தைவான், ஷாங்காய், ஹாங்காங், சைகோன், சிங்கப்பூர், பர்மா, ஜாவா என்று ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு அரசும் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள்.

அவர்கள் கண்ணில் பட்டது மூன்று விதமான ஏற்பாடு. ஒன்று குத்தகை. சிங்கப்பூர், பினாங்கு எல்லாம் அப்போது இப்படித்தான்: சீனப் பெரும்புள்ளிகள் சேர்ந்து ஏலம் எடுப்பார்கள், சண்டு (புகைக்கப் பக்குவம் செய்த அபின்) காய்ச்சி விற்பார்கள், அரசுக்குக் குத்தகைத் தொகை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே இனத்தில் வந்தது. எவ்வளவு அதிகம் விற்கிறானோ அவ்வளவு லாபம் என்று இருக்கிற குத்தகைக்காரனிடம் விற்பனையைக் குறை என்று சொல்வது நடக்கிற காரியமா. (மலாயாவில் சீனக் கூலிக்குச் சண்டு என்றால் நம் தமிழ்க் கூலிக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை. அரசுக்கு இரண்டிலும் வரும்படி.) 1910இல் குத்தகையை எடுத்துவிட்டு அரசே விற்கத் தொடங்கியது, ஆனால் வருமானத்தில் பாதி என்பது அதனால் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. அந்த வருமானத்துக்கு மாற்றாக ஒரு தனி நிதி ஒதுக்க 1925 வரை ஆயிற்று.

இரண்டாவது, டச்சுக்காரர்களின் ரெஷீ, அதாவது அரசு ஏகபோகம். 1894இல் மதுரா தீவில் சோதனையாகத் தொடங்கி 1904க்குள் ஜாவா முழுக்கக் கொண்டுவந்தார்கள். (மதுரா என்றதும் நம்ம மதுரை நினைவுக்கு வந்தால் தப்பில்லை, இது ஜாவாவுக்குப் பக்கத்துத் தீவு.) படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) அரசு ஆலை, முத்திரையிட்ட சின்னக் குழாய்களில் அபின், விற்பது சம்பளம் வாங்கும் அரசு ஊழியன். அவனுக்கு எவ்வளவு விற்றாலும் அதே சம்பளம் என்பதால் தள்ளி விற்க அவசியம் இல்லை. காகிதத்தில் நல்ல யோசனை. ஆனால் லாபம் முழுக்க அரசுக்குப் போனதும், குத்தகைக்காரனுக்கு இருந்த அதே ஆசை மேலே இருக்கிற அரசுக்கு வந்துவிட்டது. சாராயக் கடையைத் தனியாரிடமிருந்து அரசு எடுத்து நடத்தினால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டு வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவதுதான் குழுவுக்குப் பிடித்தது, தைவானில் ஜப்பான் செய்தது. ஏற்கெனவே பழகியவனுக்கு மட்டும் லைசென்ஸ், புதிதாக யாருக்கும் கிடையாது, அபின் அரசே விற்கும், பழையவர்கள் காலப்போக்கில் குறைவார்கள். கோட்டோ ஷிம்பேய் என்ற மருத்துவர் வகுத்த திட்டம், 1897இல் சட்டமாயிற்று. 1900இல் லைசென்ஸ் வைத்திருந்தவர் சுமார் 1,69,000 பேர், தீவின் மக்கள்தொகையில் ஆறு சதவீதம் போல. எண்ணிக்கை வருடா வருடம் இறங்கியது உண்மை. அதே நேரம் ஏகபோக விற்பனை நல்ல வருமானம் கொடுத்ததும் உண்மை, முப்பது வருடம் கழித்தும் பட்டியல் தீராமல் இருந்ததும் உண்மை. பிரெண்ட் குழு இதை ஒட்டித்தான் பரிந்துரைத்தது: மூன்று ஆண்டு அரசு ஏகபோகம், அப்புறம் தடை. அமெரிக்க காங்கிரஸ் 1905இல் அதில் பின்பாதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது: 1908 மார்ச் 1 முதல் மருந்துக்குத் தவிர முழுத் தடை.

தடை வந்தது, கூடவே கடத்தலும் வந்தது. தீவுக்கூட்டம், பக்கத்தில் போர்னியோ, ஹாங்காங், எல்லா இடத்திலும் அபின் சட்டப்படி விற்கிறது. நாலு பக்கமும் திறந்த வீட்டில் ஒரு கதவை மட்டும் பூட்டின மாதிரி. பிரெண்டுக்கு இது முன்பே புரிந்திருந்தது. 1906 ஜூலையில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு அவர் கடிதம் எழுதினார், ஆசியாவில் அபினோடு சம்பந்தப்பட்ட எல்லா நாடுகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று. ஷாங்காய் கூட்டத்தின் விதை அந்தக் கடிதம். அமெரிக்காவுக்கு வேறு கணக்கும் இருந்தது, சீனர்களை உள்ளே விடாத அதன் சட்டத்துக்குப் பதிலடியாக 1905இல் சீனாவில் அமெரிக்கச் சரக்கைப் புறக்கணித்திருந்தார்கள், அந்தக் கோபத்தை ஆற்ற அபின் எதிர்ப்பு வசதியாக இருந்தது.

ஆனால் அந்த மேசை போடுவதற்குள் இன்னொரு இடத்தில் காரியம் நடந்துகொண்டிருந்தது.

திபெத் விவகாரம் பேச இந்தியா வந்திருந்த சீனத் தூதர் தாங் ஷாவோயி, அபின் வருமானம் இல்லாமலும் இந்திய அரசு காலம் தள்ள முடியும் என்ற நிலையைக் கல்கத்தாவில் தெரிந்துகொண்டு திரும்பினார். ஒரு காலத்தில் இந்திய வருமானத்தில் ஏழில் ஒரு பங்காக இருந்த அபின், 1900களில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருந்தது. இந்தத் தகவல் எத்தனை மாநாட்டுத் தீர்மானத்துக்குச் சமம் என்று யோசித்துப் பாருங்கள். 1906 மே 30 அன்று லண்டன் பாராளுமன்றத்தில் தியோடர் டெய்லர் என்ற லிபரல் உறுப்பினர், இந்திய சீன அபின் வியாபாரம் தர்மப்படி நியாயப்படுத்த முடியாதது என்று தீர்மானம் கொண்டுவந்து அது நிறைவேறியது. இந்தியா மந்திரி ஜான் மார்லி, சீனா உண்மையாகவே நிறுத்த நினைத்தால் நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம் என்ற தொனியில் பேசினார். செப்டம்பர் 20 அன்று பீகிங்கிலிருந்து ஆணை: பத்தே ஆண்டில் பயிரும் புகையும் ஒழிய வேண்டும்.

அதிலிருந்து 1907இல் வந்ததுதான் பத்தாண்டு ஏற்பாடு. உள்ளடக்கம் ஒரு பக்கத்தில் அடங்கும். சீனாவுக்குப் போகும் 51,000 பெட்டியை அடிப்படையாக வைத்து, 1908 ஜனவரி தொடங்கி, வருடம் 5,100 பெட்டி குறைப்பு. பத்து வருடத்தில் பூஜ்யம். சீனாவுக்கு என்று தனியாகப் பிரித்துப் பிடிக்க முடியாது என்பதால் மொத்த ஏற்றுமதிக்கே உச்சவரம்பு: 1908இல் 61,900, 1909இல் 56,800, 1910இல் 51,700. பதிலுக்குச் சீனா தன் வயல்களிலும் அதே வேகத்தில் குறைக்க வேண்டும். முதல் மூன்று வருடம் சோதனை, சீனா குறைத்திருந்தால் மட்டும் தொடரும். ஏலத்தையும் பெட்டி கட்டுவதையும் பார்க்கச் சீன அதிகாரி ஒருவர் கல்கத்தாவில் இருக்கலாம், குறுக்கிடக் கூடாது.

எனக்கு இதில் பிடித்தது தர்மம் பேசாததுதான். யார் பாவி என்ற விசாரணையே கிடையாது. ஓர் எண், ஒரு தேதி, பார்க்க ஓர் ஆள். அந்தப் பார்க்கிற வேலை வெறும் பேச்சாகவும் இல்லை. அலெக்சாண்டர் ஹோஸி என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி 1910, 1911 வாக்கில் ஷான்ஸி, ஷென்ஸி, கான்சு, சிச்சுவான், யுன்னான், குய்சோ என்று மேற்கு மாகாணங்களுக்கே நேரில் போய், செடி நிற்கிறதா என்று கண்ணால் பார்த்து எழுதினார். சீனாவின் பெரிய அபின் வயலான சிச்சுவானில் செடி கிட்டத்தட்ட இல்லை, கான்சுவில் இன்னும் நிற்கிறது என்ற மாதிரியான கணக்கு. பிரிட்டன் நம்பாத இடத்தில் தன் ஆளை விட்டுப் பார்த்து, பார்த்தபின் நம்பியது. 1911 மே 8 அன்று ஏற்பாட்டைப் புதுப்பித்தார்கள்: அந்த வருடம் 30,600 பெட்டி, பிறகும் வருடம் 5,100 குறைந்து 1917இல் பூஜ்யம், ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிட்ட அனுமதிச்சீட்டு, வரி 350 டேல், எந்த மாகாணம் செடி இல்லாததாக நிரூபிக்கிறதோ அந்த மாகாணத்துக்குள் இந்திய அபின் நுழையாது. 1917 வரை காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை, 1913 மே மாதம் இந்தியா சீனாவுக்கு விற்பதை நிறுத்திவிட்டதாக லண்டனில் அறிவித்தார்கள்.

இதில் ஓட்டை எங்கே? முதலாவது, பெட்டி குறைந்தால் விலை ஏறும், யாருக்கும் தெரிந்தது. 1910-11இல் இந்திய அரசுக்கு அபினில் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தது, குறைவான பெட்டியை விற்று! பிரிட்டன் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில் இந்த ஏறுவிலைக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். இரண்டாவது, ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் வியாபாரிகள் ஆயிரக்கணக்கான பெட்டிகளை வாங்கிக் குவித்துக்கொண்டு, மாகாண அதிகாரிகள் சரக்கை உள்ளே விட மறுத்ததும் ஒப்பந்தத்தைக் காட்டி பிரிட்டனிடம் முறையிட்டார்கள். மூன்றாவது பெரியது. இருவர் ஒப்பந்தம் அந்த இருவரை மட்டும்தான் கட்டும். பாரசீகத்து அபினும் துருக்கி அபினும் இந்தக் காகிதத்தில் இல்லை. அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபினும் இல்லை. எடின்பரோ ஆலைகளில் செய்த மார்ஃபின் ஜப்பான் வழியாகச் சீனாவுக்குள் கொட்டத் தொடங்கியது, அபினை விட்டவன் ஊசியைப் பிடித்தான்.

இப்போது பெரிய மேசைக்கு வருவோம். 1909 பிப்ரவரி 1 முதல் 26 வரை ஷாங்காய் பேலஸ் ஹோட்டலில் பதின்மூன்று நாடுகள் கூடின: அமெரிக்கா, ஆஸ்திரியா ஹங்கேரி, இத்தாலி, சயாம், சீனா, பாரசீகம், பிரான்ஸ், பிரிட்டன், போர்ச்சுகல், ருஷ்யா, ஜப்பான், ஜெர்மனி, நெதர்லாந்து. பெரிய உற்பத்தியாளரான துருக்கி வரவில்லை. பிரெண்ட் தலைமை. பெயர் மாநாடு இல்லை, ஆணைக்குழு. இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் எல்லாம் இருக்கிறது: ஆணைக்குழு என்றால் விசாரிக்கலாம், சிபாரிசு செய்யலாம், யாரையும் கட்டுப்படுத்த முடியாது. பிரிட்டிஷ் தரப்புக்குத் தலைமை செசில் கிளெமெண்டி ஸ்மித், சிங்கப்பூரில் கவர்னராக இருந்தவர், அதாவது குத்தகைப் பணத்தில் பாதி நிர்வாகம் நடத்திய ஊர். சீனாவோடு எங்களுக்கு ஏற்கெனவே ஓர் ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது, அதை இங்கே யாரும் தொடக் கூடாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அதாவது உலகத்திலேயே பெரிய அபின் வியாபாரத்தைப் பற்றி, அபின் ஆணைக்குழு பேசக் கூடாது.

அமெரிக்கப் பிரதிநிதி ஹாமில்டன் ரைட் ஒரு மருத்துவர், சில வருடம் முன்பு கோலாலம்பூரில் பெரிபெரி நோயை ஆராய்ந்தவர், அது தொற்றுநோய் என்று தவறாக முடிவு கட்டியவரும்கூட. அபின் விஷயத்திலும் அதே வேகம். மருந்துக்குத் தவிர வேறெதற்கும் கூடாது என்று எழுத வேண்டும் என்றார். இந்தியா சார்பில் பேசியவர்கள் மறுத்தார்கள், எங்கள் ஊரில் வைத்தியனும் கிழவியும் கைமருந்தாகத் தருவது எந்தக் கணக்கில் வரும் என்று. (இந்த வாதத்தில் வியாபார நோக்கம் இருந்தது, ஆனால் கேள்வி பொய்யில்லை.) இன்னொரு தர்மசங்கடம்: ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்ல வந்த அமெரிக்காவிலேயே புகைக்கும் அபின் இறக்குமதிக்குத் தடை இல்லை. கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, பிப்ரவரி 9 அன்று, வாஷிங்டனில் அவசரமாக ஒரு தடைச் சட்டம் போட்டுச் செய்தி அனுப்பினார்கள்.

சீனத் தரப்பில் தாங் குவோ-ஆன் பேசியது, நாட்டுக்கு இதனால் எவ்வளவு பணமும் உழைப்பும் நஷ்டம் என்று கணக்காக எடுத்து வைத்தது, அந்த நான்கு வாரத்தில் உருப்படியான விஷயம். (பின்னாளில் பீகிங்கில் சிங்ஹுவா கல்லூரியின் முதல் தலைவர் ஆனவர் இவர்தான்.) கடைசியில் ஒன்பது தீர்மானம். எல்லாம் படிப்படியாக, இயன்றவரை, பரிசீலிக்கலாம் என்ற பாணி. அதற்குள் ஒரு நல்ல விதை மட்டும் இருந்தது: ஒரு நாடு இறக்குமதியைத் தடை செய்திருந்தால், அங்கே அபின் போகாமல் பார்த்துக்கொள்வது ஏற்றுமதி செய்கிறவனின் கடமை. 1858க்கு நேர் எதிர்.

இந்த விதையை உடன்படிக்கையாக்கத்தான் ஹேக். 1911 டிசம்பர் 1இல் தொடங்கி 1912 ஜனவரி 23இல் கையெழுத்து, பன்னிரண்டு நாடு. மார்ஃபினையும் கோகெயினையும் சேர்த்தால்தான் வருவேன் என்று பிரிட்டன் நிபந்தனை போட்டது, அபினை மட்டும் பேசினால் தான் ஒருவனே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால். எந்த நோக்கத்தில் சொன்னாலும் அது சரியான நிபந்தனை, இருவர் ஒப்பந்தத்தால் தொடவே முடியாத பொருள்கள் இவை. ஆனால் மருந்து ஆலைகள் நிறைந்த ஜெர்மனி உடனே கேட்டது: நாங்கள் மட்டும் கட்டுப்பட்டு, கையெழுத்திடாத நாட்டுக்காரன் ஆலை போட்டு விற்றால்? எல்லா நாடும் சேர்ந்த பிறகே அமலுக்கு வர வேண்டும். அதன்படி, வராத இன்னும் 34 நாடுகளின் பெயரைப் பட்டியல் போட்டு, அவர்களும் கையெழுத்திட வேண்டும் என்று எழுதினார்கள். ஜெர்மனி சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எரிச்சல். எல்லாரும் வந்தால்தான் நான் என்று ஒவ்வொருவரும் சொன்னால் கல்யாணப் பந்தியில் ஒருவரும் உட்கார மாட்டார்கள்.

நடந்ததும் அதுதான். 1913இல் ஒரு கூட்டம், 1914இல் ஒரு கூட்டம், துருக்கியும் செர்பியாவும் மாட்டேன் என்றன. 1915இல் சீனா, நெதர்லாந்து, அமெரிக்கா தங்களுக்குள் மட்டும் அமலாக்கிக்கொண்டன, ஹோண்டுராஸும் நார்வேயும் சேர்ந்தன. அவ்வளவுதான். கடைசியில் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது பேச்சுவார்த்தை இல்லை, முதல் உலகப் போர். 1919 வெர்சாய் உடன்படிக்கையில் 295ஆம் பிரிவு என்று ஒன்றைச் செருகி, சமாதானத்தில் கையெழுத்திடுகிறவன் ஹேக் உடன்படிக்கையையும் ஏற்றவனாகிறான் என்று முடித்தார்கள். 1920 ஜனவரி 10 முதல் அமல். கையெழுத்துக்கும் அமலுக்கும் நடுவில் எட்டு வருடம். இந்த எட்டு வருடத்துக்குள் இருவர் ஒப்பந்தம் தன் வேலையை முடித்துவிட்டது.

அமலான உடன்படிக்கையிலும், புகைக்கும் அபினைப் பற்றி எழுதியிருந்தது படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்பதே. எந்த வருடத்துக்குள் என்று இல்லை. இந்தத் தேதியில்லாத படிப்படியை வைத்துக்கொண்டுதான் சிங்கப்பூரும் ஜாவாவும் சைகோனும் இன்னும் பல வருடம் கடை நடத்தின. 1925இல் ஜெனீவாவில் தேதி குறிக்கச் சொல்லி அமெரிக்கர்கள் மல்லுக்கட்டி, முடியாமல் போய், ஸ்டீபன் போர்ட்டர் தன் குழுவோடு வெளிநடப்புச் செய்தார், பின்னாலேயே சீனாவும். இருந்தும் அதே ஜெனீவாவில்தான் இறக்குமதிச் சான்று இல்லாமல் ஏற்றுமதி இல்லை என்ற முறையும், ஒவ்வொரு நாட்டின் கணக்கையும் கேட்டு வாங்க ஒரு நிரந்தர வாரியமும் வந்தன. பெரிய மேசையின் உருப்படியான பலன் என்று நான் மதிப்பது இதை. ஒப்பந்தத்தில் இருந்த எண்ணிட்ட சீட்டு, பார்க்க ஓர் ஆள், இரண்டையும் உலக அளவுக்கு நீட்டின மாதிரி.

ஆக, ஒருவர் என்னிடம் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், இது அவர் எதை நிறுத்தப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது என்று மட்டும் சொல்லி நழுவ மாட்டேன். விற்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன், சரக்கு வயலில் விளைவது, துறைமுகம் இரண்டே என்றால், முதலில் அந்த இருவரைப் பிடித்து எண்ணும் தேதியும் போட்டு முடியுங்கள், உலகத்தைக் கூட்டிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். மார்ஃபின் மாதிரி எந்த ஊர் ஆலையிலும் செய்து சட்டைப்பையில் கொண்டுபோகிற சரக்குக்கு இருவர் ஒப்பந்தம் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை, அங்கே பெரிய மேசை தவிர வழியில்லை, எட்டு வருடம் ஆனாலும். உள்நாட்டு ஏகபோகம் என்பது வருமானத்துக்கு வேறு வழி தேடி வைத்த பிறகு மட்டும் தொட வேண்டியது. ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார், போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். அபின் அரசுகளில் பல அந்த இரண்டாவது காரியத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போயின.

இந்திய அரசுக்கும் பத்தில் ஒரு பங்கு முறை பழகிவிட்டது போலிருக்கிறது. ஜெனீவா முடிந்ததும் 1926இல் அது தானாகவே அறிவித்தது: மருந்துக்கும் அறிவியலுக்கும் அல்லாத அபின் ஏற்றுமதி வருடம் பத்து சதவீதம் குறைந்து 1935 முடிவில் நின்றுவிடும். அதே வாய்ப்பாடு, இந்த முறை எதிரில் கையெழுத்திட யாரும் இல்லாமலே.

சீனாவின் சொந்த வயலைப் பற்றிய அந்த 5,84,800 பிகுலுக்குத் திரும்பி வர வேண்டும். அங்கேதான் எல்லாம் தோற்றது. 1911-12இல் மன்னராட்சி கவிழ்ந்தது, 1916இல் ஜனாதிபதி யுவான் ஷிகாய் இறந்தார், மாகாணத்துக்கு ஒரு படைத்தலைவன் என்று ஆனதும் சிப்பாய்ச் சம்பளத்துக்குப் பணம் வேண்டியிருந்தது, செடி திரும்ப வந்தது. கல்கத்தா ஏலத்தை நிறுத்தலாம், ஹோஸியைச் சிச்சுவானுக்கு அனுப்பலாம், ஆனால் கையெழுத்திட்ட அரசே இல்லாமல் போனால் ஒப்பந்தம் யாரைக் கட்டும்?

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது, ஷாங்காய் வியாபாரிகளிடம் தேங்கிக் கிடந்த கடைசி இந்தியப் பெட்டிகள். அவற்றைச் சீன அரசு 1918இல் விலை கொடுத்து வாங்கியது, வாங்கியதில் கொஞ்சத்தை விற்றுவிட்டார்கள் என்று பெரிய ரகளையும் ஆயிற்று. மிஞ்சிய ஆயிரத்துச் சொச்சம் பெட்டியை 1919 ஜனவரியில், ஆற்றுக்கு அக்கரையில் புதோங்கில், சாட்சிகள் பார்க்க உலையில் போட்டு எரித்தார்கள். எண்பது வருடத்துக்கு முன்னால் லின் ஸெஷு சுண்ணாம்புக் குழியில் செய்த அதே காரியம். இந்த முறை எந்தப் போர்க்கப்பலும் வரவில்லை.